மாடி அறைக்கு இன்னும் கதவு வரவில்லை

ஜூன் 9

தம்பிக்கு,

கடிதம் என்றதும் பதறாதே. அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். அதாவது போன மாதம் எப்படி இருந்தாரோ அப்படியே இருக்கிறார்.

ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த வீட்டில் இப்போது வாய்விட்டுப் பேச ஓர் இடமில்லை. அப்பாவின் கட்டில் கூடத்தில். என் அறையில் மாடி வேலைக்கான சிமெண்ட் மூட்டையும் டைல்ஸ் பெட்டியும் குடியிருக்கின்றன. அதனால் நானும் கூடத்தில், அவர் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுக்கிறேன். சமையலறையில் நின்று ஃபோன் பேசினாலும் அவருக்குக் கேட்கிறது. பக்கவாதம் அவர் பேச்சை முக்கால்வாசி எடுத்துக்கொண்டு போனது, காதை மட்டும் பத்திரமாக விட்டுவிட்டது. மாடிக்குப் போய்ப் பேசலாம் என்றால், நான் படியில் கால் வைத்த உடனே "ஏய்" என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார். அதுவும் போகட்டும், ஃபோனில் நீ "அப்புறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா?

விஷயத்துக்கு வருகிறேன். மாடி அறையில் சுவர் எழும்பி, கூரை போட்டு, பூச்சு வேலையும் முடிந்தது. அதோடு சரி. ஜன்னலுக்கு ஓட்டை விட்டிருக்கிறார்கள், ஜன்னல் இல்லை. நிலை வைத்திருக்கிறார்கள், கதவு இல்லை. ஜன்னல் ஓட்டையில் ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டிவிட்டுப் போனார்கள். காற்றடித்தால் அது பட் பட்டென்று அடித்துக்கொள்கிறது. அப்பா ஒவ்வொரு முறையும் கண்ணைத் திறந்து, "வந்துட்டானா?" என்று கேட்கிறார். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் சிநேகிதன், அந்தக் காண்ட்ராக்டர் மகாராஜா, ஃபோனை எடுப்பதே இல்லை. எப்போதாவது நேரில் வந்தால் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், டீ குடிப்பார். "எப்ப முடியும்?" என்றால் "ஆயிடும்க்கா" என்பார். "ஜன்னல் எங்கே?" "ஆயிடும்க்கா." "நாளைக்கு ஆள் வருமா?" "ஆயிடும்க்கா." நாளைக்கு ஆள் வருவது எப்படி ஆகும் என்று எனக்கு விளங்கவில்லை. நான் இப்போது அவருக்கு 'ஆயிடும்' என்றே பெயர் வைத்துவிட்டேன். அரை டிரவுசரில் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் குடித்த பையன், இப்போது மீசை வைத்திருக்கிறானே என்று 'நீங்க, வாங்க' போடுகிறேன். அதற்காவது ஒரு பதில் சொல்லக் கூடாதா?

நீ போன வருஷம் அப்பா விழுந்தபோது வந்தாய். கூடத்தில் நின்று, "மேல ஒரு ரூம் கட்டிடலாம்க்கா. நாங்க வந்துடறோம். பாதி நீ பாரு, பாதி நான் பாக்கறேன்" என்றாய். அதை நம்பித்தான் ஆய்வகத்தில் அரை நேரம் கேட்டு வாங்கினேன். நான் வேலைக்குப் போகும் நேரத்துக்கு எதிர்வீட்டம்மா வந்து உட்கார்ந்துகொள்கிறார். அரை நேரமெல்லாம் வருஷக் கடைசி வரைதான், அப்புறம் முழு நேரம் வா, இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்று ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த மைக்ராஸ்கோப்பைத் தவிர எனக்கென்று வேறென்ன இருக்கிறது சொல்.

உன் சிநேகிதனிடம் நீ பேசு. உன் பேச்சைத்தான் கேட்பார். கேட்டு எனக்கு எழுது.

அக்கா

---

ஜூன் 27

அக்காவுக்கு,

உன் கடிதத்தை எங்கள் பட்டறை வாசலில் நின்றே படித்தேன். 'காண்ட்ராக்டர் மகாராஜா' என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். ஃபோர்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அவன் பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான். வாத்தியார் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான். பதில் வராது. உட்காரவும் மாட்டான். அடுத்த பீரியட் வாத்தியார் வந்து "நீ ஏன்டா நிக்கறே?" என்று கேட்பார். ஆனால் வேலையில் கை சுத்தம். அவன் பூசின சுவரில் கையை வைத்துப் பார், கண்ணாடி மாதிரி இருக்கும்.

பேசினேன். ஜன்னல் மரம் நன்றாகக் காய்ந்த மரமாக வேண்டுமாம். பச்சை மரத்தைப் போட்டால் பிறகு முறுக்கிக்கொள்ளுமாம். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவசரத்தில் போட்டுவிட்டு ஒவ்வொரு மழைக்கும் ஜன்னலோடு மல்லுக்கட்ட முடியுமா?

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் மருமகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. இப்போது 'ச' வரவில்லை. அத்தைக்கு ஃபோன் பண்ணலாம் என்றால் வெட்கப்படுகிறாள். என் வீட்டுக்காரிக்கு வேலையில் பொறுப்பு கூடியிருக்கிறது. வீட்டுக்கு வந்தும் கம்ப்யூட்டர் முன்னாடிதான். எனக்கும் ஷிப்ட் மாறி மாறி வருகிறது. எந்த வேளைக்குத் தூங்குகிறேன், எந்த வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்பாவிடம் கேட்டதாகச் சொல். அவனை ரொம்பத் துரத்தாதே, பாவம்.

தம்பி

---

ஜூலை 20

தம்பிக்கு,

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். பல் விழுந்த விஷயம் இருக்கிறது, மரம் காய்கிற விஷயம் இருக்கிறது. நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்பது மட்டும் இல்லை. தாளின் பின்பக்கமும் பார்த்தேன்.

இங்கே நடக்கும் கூத்தைக் கேள். பூச்சு முடிந்த அன்றைக்குக் கொத்தனார், "காலையில சாயங்காலம் சுவத்துக்குத் தண்ணி ஊத்தணும்மா, இல்லன்னா வெடிச்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தாள் கொஞ்ச நாள் வந்து ஊற்றினாள். அப்புறம் அவளும் வரவில்லை. சரி, சுவர் வெடித்தால் நாளைக்கு நீ வந்து என்னைத்தான் கேட்பாய் என்று நானே ஊற்றுகிறேன். கீழே குழாயில் வாளியைப் பிடித்து, படியேறி, நாலு சுவருக்கும் மக்கில் மொண்டு வீசி வீசி ஊற்ற வேண்டும். மாடிக்குக் குழாய் இழுப்பதும் பாக்கியில்தான் இருக்கிறது. இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்பாவைத் தூக்கி உட்கார வைப்பதற்கும் அதே இடுப்புதான். என்னிடம் வேறு இல்லை.

'ஆயிடும்' போன வாரம் தலையைக் காட்டினார். கதவு எப்போது என்று கேட்டேன்.

"ஈரம் காயணும்க்கா. அப்புறம்தான் கதவு."

"அப்ப நான் எதுக்குத் தண்ணி ஊத்தறேன்?"

"ஊத்தணும்க்கா."

"ஊத்தினா எப்படிய்யா காயும்?"

சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த டீயைப் பார்த்தார்.

"ஆயிடும்க்கா."

சிரிக்காதே. எனக்கு வயிறு எரிகிறது. இந்த ஆள் கெட்டவராக இருந்தால்கூட ஒரு சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வேன். சண்டை போடவும் முகத்தைக் கொடுக்க மாட்டேன் என்கிறார். டீ டம்ளரை அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறார். போகும்போது அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்து, "போர்வை சரியா இருக்கா?" என்று கேட்கிறார். அப்படிப்பட்டவரை என்ன சொல்லித் திட்டுவது?

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேலே சுத்தியல் சத்தம் கேட்டால் அவர் அமைதியாக இருக்கிறார். நீ வருவதற்காக ஏதோ நடக்கிறது என்று அவருக்குப் புரிகிறது. சத்தம் இல்லாத நாட்களில் சாப்பாட்டைத் தட்டிவிடுகிறார். இப்போதெல்லாம் சத்தமே இல்லை. போன செவ்வாய்க்கிழமை நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் வாயைத் திறக்கவே இல்லை என்றதும், மேலே போய் ஒரு கட்டையை எடுத்துத் தரையில் தட்டினேன். கொஞ்ச நேரம் தட்டிவிட்டு இறங்கி வந்து ஊட்டினேன். சாப்பிட்டார். எனக்கே என்னைப் பார்த்தால் பைத்தியக்காரி மாதிரி இருந்தது.

எனக்கு ஒரு தேதி எழுது. ஒரே ஒரு தேதி. அது தள்ளிப்போனாலும் பரவாயில்லை. தள்ளிப்போக ஒரு தேதி வேண்டுமில்லையா?

அக்கா

---

ஆகஸ்ட் 8

அக்காவுக்கு,

இரண்டு வரிதான் எழுத நேரம்.

நீ ஏன் இவ்வளவு அவசரப்படுகிறாய் என்று எனக்குப் புரியவில்லை. வீடு கட்டுவது புடவை மடிக்கிற மாதிரி இல்லை. அவனவன் வருஷக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்கிறான். சும்மா சும்மா அவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்டால் அவன் வருவதையே நிறுத்திவிடுவான். அவன் எனக்குச் சிநேகிதன், உனக்குக் கூலியாள் இல்லை.

தேதி, தேதி என்கிறாய். லீவு, மாற்றல், குழந்தைக்குப் பள்ளிக்கூடம் என்று எத்தனை இருக்கிறது. நான் என்ன பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதானா? முதலில் அறை முடியட்டும். மற்றது அப்புறம்.

வாளி தூக்காதே. எதிர்வீட்டம்மாவிடம் சொல்லி யாரையாவது வைத்துக்கொள்.

தம்பி

---

ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

அறை முடியட்டும் என்று எழுதினாய். உன் கடிதம் வந்த அன்று எனக்கு அழுகை வந்தது உண்மை. புடவை மடிக்கிற வேலை என்றாயே, நீ இந்த வீட்டில் ஒரு துண்டைக்கூட மடித்ததில்லை. அது கிடக்கட்டும். இப்போது எனக்கு அழுகை இல்லை. என்ன இருக்கிறது என்று கேட்டால் பெயர் சொல்லத் தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். இரண்டாவது சுவருக்கு ஊற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் காலடிச் சத்தம். 'ஆயிடும்' நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை, கீழே அப்பாவைப் பார்த்துவிட்டு ஏறி வந்திருக்கிறார். நான் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதால் நான் மூன்றாவது சுவருக்குப் போனேன். வாளியைத் தூக்கும்போது இடுப்பில் சுளீர் என்றது, அம்மா என்று சொல்லிவிட்டேன். அவர் விறுவிறுவென்று வந்து வாளியைப் பிடுங்கினார்.

"ஊத்தாதீங்கக்கா."

"ஏன், வெடிச்சிடுமே?"

"வெடிக்காதுக்கா. சுவரு எப்பவோ ஆயிடுச்சு. இது எதுக்கும் தண்ணி வேண்டாம். ஊத்தாதீங்க."

வாளியை ஒரு மூலையில் வைத்தார். படியில் போய் உட்கார்ந்தார். நான் நின்றேன். சுவரிலிருந்து தண்ணீர் வழிந்து என் காலுக்கு வந்தது.

"எப்பவோன்னா?"

"அது... சித்தாள் நின்னுபோனாளே, அப்பவே போதும்க்கா."

"அப்புறம் நான் இத்தனை நாளா ஊத்தினதைப் பாத்துட்டு எதுக்குய்யா சும்மா இருந்தே?"

தலையைக் குனிந்துகொண்டார். நீ சொன்ன அதே பையன், வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி. அப்புறம் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவன்தான்க்கா மெதுவாப் போகச் சொன்னான். ஆளை வேற வேலைக்கு அனுப்பு, நீ மட்டும் அப்பப்ப தலையைக் காட்டுன்னான். அவங்க இப்போதைக்கு வரலையாம்க்கா. எப்பன்னும் இல்லையாம். அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன், நீ வாயைத் திறக்காதேன்னான். இன்னிக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு நானும் பாத்துட்டே இருந்தேன். உங்களுக்குக் கதவு எதுக்கு லேட்டுன்னு சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கல. ஈரம்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம், ஊத்த வேண்டாம்னா கதவு கேப்பீங்க."

"ஃபோனையாவது எடுத்திருக்கலாமே?"

"எடுத்தா நீங்க கேப்பீங்கக்கா. நேர்ல பொய் சொல்ல எனக்கு வராது. ஃபோன்லயும் வராது. அதான் எடுக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சிரித்தேன். அந்த ஆள் ஒரு பொய்யைச் சொல்ல வாய் வராமல் மாதக்கணக்காக ஃபோனுக்குப் பயந்து ஓடி ஒளிந்திருக்கிறார். என் கூடப்பிறந்தவனுக்கு என்னடா என்றால், மரம் காய வேண்டும், மாற்றல் வர வேண்டும், பல் விழ வேண்டும். பக்கம் பக்கமாக வருகிறது.

கீழே அப்பா "ஏய்" என்றார். நான் போகவில்லை. அவர் விழுந்த நாளிலிருந்து கூப்பிட்டு நான் போகாதது அதுதான் முதல் தடவை. 'ஆயிடும்' எழுந்து போனார். அவர்தான் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

தம்பி, நீ வராமல் இருக்கலாம். உனக்கு ஒரு குடும்பம் இருக்கிறது, ஒரு வேலை இருக்கிறது. "வர முடியாதுக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் எனக்கு என்ன வழி என்று பார்த்திருப்பேன். நீ என்னை அந்த வழியைக்கூடப் பார்க்க விடவில்லை. காய்ந்துபோன சுவருக்குத் தண்ணீர் ஊற்ற வைத்தாய். நன்றாக இருக்கிறதா உனக்கு?

இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுதினால் ஒரு பொய்யும் இல்லாமல் எழுது. முடியாவிட்டால் எழுதாதே.

அக்கா

---

செப்டம்பர் 21

அக்கா,

பல தடவை எழுதிக் கிழித்தேன். இதுதான் வந்தது.

நாங்கள் வரவில்லை. இங்கேயே இருக்கப்போகிறோம். அவளுக்கு வேலை இங்கே நன்றாக அமைந்துவிட்டது. குழந்தையும் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டாள். இது போன குளிர்காலத்திலேயே முடிவாகிவிட்டது. அப்போது மாடியில் சுவர் பாதிக்கு எழும்பியிருந்தது. நீ ஃபோனில், "இன்னிக்கு உங்க ரூமுக்கு ஜன்னல் இடம் விட்டாங்க, காலையில வெயில் வரும்டா" என்றாய். அப்போது எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த 'நாளைக்கு' வந்தபோது நீ கூரை போட்டதாகச் சொன்னாய்.

அறை முடிந்தால் நான் வர வேண்டும். முடியாமல் இருந்தால், நான் வராததற்கு அறைதான் காரணம், நான் இல்லை. அப்படித்தான் நினைத்தேன். எழுதிப் பார்த்தால் கேவலமாக இருக்கிறது. மனசுக்குள் இருக்கும்போது அவ்வளவு கேவலமாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பொய் வேண்டாம் என்றாயே, அதனால் எழுதுகிறேன். வேலையும் பள்ளிக்கூடமும் நிஜம்தான், ஆனால் அது மட்டும் இல்லை. நான் வந்திருந்தபோது ஒரு நாள் காலையில் நீ அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாய். "அந்தத் துண்டை எடுத்துக் குடு" என்றாய். துண்டு கொடியில் இருந்தது. எடுக்கப் போனவன் அப்படியே வாசலுக்குப் போய், தெருமுனை வரைக்கும் போய், டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் அப்படிக் கிடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை அக்கா. என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்த மனுஷன். நீ எப்படிப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. பாதி நான் பார்க்கிறேன் என்று சொன்னது அன்றைக்குச் சாயங்காலம்தான். டீக்கடையில் உட்கார்ந்த வெட்கத்தில் சொன்னது.

அவனை ஒன்றும் சொல்லாதே. அவன் போன மாதமே, "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா" என்று கேட்டான். நான்தான் வாயைக் கட்டிப்போட்டேன்.

அப்பாவிடம் மட்டும் சொல்லாதே அக்கா. அவர் தாங்க மாட்டார். அறையை என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள். நீ சொல்கிறபடி கேட்கச் சொல்லி அவனிடம் சொல்லிவிட்டேன்.

தம்பி

---

அக்டோபர் 26

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பேசாமல் இருக்க வேண்டும் என்று இருந்தேன். நீ துண்டு விஷயம் எழுதியிருக்காவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பேன்.

நான் எப்படிப் பார்க்கிறேன் என்று கேட்டாய். நானும் பார்க்கவில்லை. கழுத்துக்குக் கீழே மட்டும் பார்த்துத் துடைப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன். அவரும் சுவரைப் பார்த்துக்கொள்வார். இப்படித்தான் ஓடுகிறது. எனக்கு என்னவோ கல்மனசு என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாயா?

அப்பாவிடம் சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். உன் பேச்சைக் கேட்டு இனி இந்த வீட்டில் யாரும் வாயை மூடிக்கொண்டு இருக்கப்போவதில்லை. காலையில் கஞ்சி கொடுத்து முடித்ததும், "அப்பா, அவன் வரலப்பா. அவங்க அங்கேயே இருக்கப்போறாங்க" என்றேன். அவர் கூரையைப் பார்த்தார். மேலே ஆள் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அன்றைக்குத்தான் ஜன்னல் வந்து இறங்கியிருந்தது. அவர் வலது கை போர்வையைப் பிடித்துப் பிடித்து விட்டது. தாங்க மாட்டார் என்று நீ எழுதினது ஞாபகம் வந்தது.

வாய் கோணிக்கொண்டு கேட்டார்.

"அப்ப... மேல... யாரு?"

நான் அதைப் பற்றி அதுவரை யோசிக்கவே இல்லை தம்பி. வாடகைக்கு விடலாமா, பூட்டி வைக்கலாமா என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நான்தான்ப்பா."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்துக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"கதவு போடச் சொல்லு."

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் பாயில் புரண்டு புரண்டு படுப்பது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பது, மேலே போய்க் கட்டையால் தட்டியது எல்லாம்தான். சமையலறையில் போய் நின்று அழுதேன். அவருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். 'ஆயிடும்' ஆளே மாறிவிட்டார். ஒரு பொய்யை இறக்கி வைத்ததும் மனுஷனுக்கு வாய் திறந்துகொண்டது, இனி மூடுவதாக இல்லை. காலையில் ஃபோன், மத்தியானம் ஃபோன். "அக்கா, ஜன்னல் கொக்கி பித்தளையா, இரும்பா?" "அக்கா, அலமாரி எத்தனை தட்டு?" "அக்கா, ஸ்விட்ச் கட்டில்ல இருந்து கைக்கு எட்டணுமா?" ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் ஃபோன் அடிக்கிறது. "ஆயிடும்னு விட்டுடுங்களேன்" என்று நானே கெஞ்சினேன். "இல்லக்கா, அப்புறம் நீங்க கேப்பீங்க" என்கிறார். அப்பாவின் தலைமாட்டிலிருந்து மாடிக்கு ஒரு அழைப்பு மணியும் இழுத்துக் கொடுத்திருக்கிறார். அது நான் கேட்டதுகூட இல்லை.

ஜனவரியிலிருந்து முழு நேரம் வருகிறேன் என்று ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பகலுக்கு ஒரு ஆள், இரவுக்கு ஒரு ஆள் வேண்டும். ஆட்களை அனுப்பும் இடத்தில் விசாரித்து உன் ஃபோன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அது முழுக்க உன் பொறுப்பு. பாதி பார்க்கிறேன் என்றாயே, இதுதான் அந்தப் பாதி. அவர்கள் கூப்பிடுவார்கள். ஃபோனை எடு.

கோபம் போய்விட்டதா என்று நினைக்காதே. இருக்கிறது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க எனக்கு இடுப்பு இல்லை.

நீ வர வேண்டும். குடியிருக்க வேண்டாம், வந்துவிட்டுப் போ. மாடியில் உனக்கு இடம் கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பாயைத் தருகிறேன், கூடத்தில் அவர் கட்டிலுக்குக் கீழே போட்டுக்கொள். அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது பக்கத்தில் நில். முகத்தைப் பார்க்க வேண்டாம், கழுத்துக்குக் கீழே பார். துண்டு கொடியில்தான் இருக்கிறது. எடுக்கப் போனவன் இன்னும் வரவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று கதவு வந்தது. உன் சிநேகிதன் திருகாணிகளை வாயில் கடித்துக்கொண்டு, "அக்கா, தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா, ரெண்டு பக்கமுமா?" என்று கேட்டார். உள்பக்கம் மட்டும் போதும் என்றேன். போட்டுவிட்டு, ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்க என்று வெளியே போய் நின்றுகொண்டார். உள்ளே போய்ப் போட்டேன். ஒரே இழுப்பில் விழுந்தது. வெளியில் அவர், "சரியா இருக்காக்கா?" என்று கேட்டார். இந்த வீட்டில் நான் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு நின்று எவ்வளவு காலமாகிறது!

நீ வரும்போது மேலே வந்து கதவைத் தட்டு. உடனே திறக்கவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாதே. தூங்கிக்கொண்டிருப்பேன்.

அக்கா